ஃபியூஸ் கட்டைக்கு நான் வெட்டிய மின்னல்

வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்கிற எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒரு காய்ச்சல் வரும். புதிதாகக் கற்ற எஃபெக்டைக் கையில் கிடைக்கிற எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கிற காய்ச்சல். சிலருக்கு அது ஸ்லோமோஷன். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் சித்தப்பா ரசம் குடிப்பதைக்கூட மெதுவாக ஓடவிட்டு, பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரவைப்பார்கள். சிலருக்கு எழுத்துகள் பறந்து வந்து ஒட்டிக்கொள்வது. எனக்கு வந்தது வெளிச்சம். இசையில் தாளம் விழுகிற இடத்தில் எல்லாம் திரை பளிச்சென்று வெட்டி அணையும் அல்லவா, அந்த எஃபெக்ட்.

அதைச் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. முதலில் இசையை டைம்லைனில் போடுவோம். அது ஓட ஓட, கீபோர்டில் ஒரு பொத்தானை விரலால் தட்டிக்கொண்டே போவோம். தட்டிய இடத்தில் எல்லாம் சின்னச் சின்னக் குறிகள் விழும். பிறகு படத்தின் மேல் ஒரு வெள்ளை லேயரை விரித்து, குறி உள்ள இடத்தில் மட்டும் அதை முழுசாகத் தெரியவைத்து, உடனே கரைய வைப்போம். குறி கொஞ்சம் முன்னால் விழுந்தால் தும்மல் மாதிரி இருக்கும், கொஞ்சம் பின்னால் விழுந்தால் விக்கல் மாதிரி இருக்கும். சரியாக விழுந்தால் மட்டும் நெஞ்சுக்குள் யாரோ தட்டியது மாதிரி இருக்கும். கண்ணுக்கும் காதுக்கும் ஒரே சமயத்தில் ஒரே சேதி போய்ச் சேருகிற அந்த அற்புதத்தை இன்றைக்கும் நான் வியந்துதான் பார்க்கிறேன். அன்றைக்கு வியந்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

என் வெளிச்சத்துக்கு முதல் பலி எங்கள் சித்தி பையனின் ஞானஸ்நானம். குழந்தையின் தலையில் சாமியார் தண்ணீர் ஊற்றுகிற காட்சியில், ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு வெட்டு வெட்டினேன். அதைப் பார்த்த பங்குச் சாமியார், "அன்னைக்கு மழையா பேஞ்சுது?" என்று கேட்டார். (நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் எல்லாமே பாராட்டுதான்.)

இன்ஜினியரிங் முடித்துவிட்டு விருத்தாசலத்தில் வீட்டோடு இருந்த காலம் அது. நான் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பதை அம்மா 'அந்தப் பொட்டிய கட்டிக்கினு அழுவுறது' என்று சொல்வார்கள். உறவுக்காரர்கள் 'தம்பி இன்னும் சும்மாதான் இருக்குதா' என்பார்கள். அதை 'வேலை' என்று சொன்ன ஒரே ஜீவன் என் அக்கா ஸ்டெல்லா.

ஸ்டெல்லா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலேயே செராமிக் டிப்ளமோ படித்தாள். ஒரு பீங்கான் ஷெட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்தாள். அதன் முதலாளி உடம்பு முடியாமல் ஷெட்டை மூடப்போகிறேன் என்றபோது, 'மூடாதீங்க, எனக்கு வாடகைக்கு விடுங்க' என்று கேட்டு வாங்கி, தானே நடத்த ஆரம்பித்தாள். வீட்டில் ஒருவரும் தைரியம் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் தைரியம் கேட்கவில்லை.

அங்கே தயாரானது ஃபியூஸ் கட்டை. மெயின் போர்டில் வெள்ளையாகக் கைப்பிடி வைத்துச் செருகியிருக்குமே, அந்தப் பீங்கான் சாமான். அதன் வயிற்றில் ஒரு மெல்லிய கம்பி ஓடும். மின்சாரம் அளவு மீறி வந்தால் கம்பி உருகிப்போய் வீட்டைக் காப்பாற்றும். கட்டையைப் பிடுங்குகிறவரின் கையை மின்சாரம் தொடாமல் பார்த்துக்கொள்வது பீங்கானின் பொறுப்பு. (கரண்டு பில் கட்டாத வீட்டில் 'பீஸ புடுங்கிக்கினு போயிட்டாங்க' என்பார்களே, அந்த பீஸ்தான்.)

சூளை திறக்கிற நாளில் அக்காவைப் பார்க்க வேண்டும். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற முகத்தோடு நிற்பாள். வெந்து வந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றோடு ஒன்றை லேசாகத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பாள். சத்தத்தில் ஒரு துளி பிசிறு இருந்தால் தூக்கிப் போட்டுவிடுவாள். "கண்ணுக்கு ஒண்ணும் தெரியலியேக்கா" என்றால், "கண்ணுக்குத் தெரியிற விரிசல விட இதுதான்டா டேஞ்சரு. யாரு வூட்டு போர்டுல போயி ஒக்காரப்போவுதோ" என்பாள்.

அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த சரக்கை நடுவில் ஒரு ஏஜென்ட் வாங்கிக்கொண்டு போய் வேறு ஏதோ பேரில் விற்றுக்கொண்டிருந்தார். அவர் எப்போது எடுப்பார், எப்போது நிறுத்துவார் என்று யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் எடுப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டார். ஷெட்டில் வேலை செய்த பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. கடைக்காரர்களிடம் நேரடியாகப் போவது, இல்லையென்றால் ஷெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் எங்காவது சூப்பர்வைசராகப் போவது என்ற நிலைமைக்கு அக்கா வந்துவிட்டாள். அதனால் சுற்று வட்டாரத்து எலக்ட்ரிக்கல் கடைக்காரர்களை ஒரு மதியம் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்துக்கு வரவழைத்து, சாப்பாடு போட்டு, சரக்கைக் காட்டிப் பேசுவது என்று முடிவு செய்தாள்.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"அருளு, ஒரு வீடியோ பண்ணித் தாடா. மண்ணுலேருந்து பொட்டி கட்டுற வரைக்கும். வர்றவங்க அத்தன பேரயும் ஷெட்டுக்கு கூட்டிக்கினு போவ முடியாது. நீதான் காட்டணும்."

"எப்படிப்பட்ட வீடியோக்கா?"

"நம்ம சரக்க நம்பி வாங்கலாம்னு தோணணும். அவ்ளோதான்."

நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அங்கே எடுத்த காட்சிகள் இன்றைக்குப் பார்த்தாலும் நன்றாகவே இருக்கின்றன. ஈர மண்ணை அச்சில் வைத்து அழுத்துகிற கைகள். காய்ந்த கட்டையின் ஓரத்தைச் சின்னப் பிளேடால் சீவி, உஃப் என்று ஊதுகிற ஒரு பெண். மெருகுக் கரைசலில் முக்கி எடுக்கும்போது சொட்டுகிற கடைசிச் சொட்டு. சூளைக் கதவு திறந்ததும் உள்ளே வரிசை வரிசையாக வெள்ளை. இதையெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி, அக்காவின் குரலைப் போட்டிருந்தால் போதும். வேலை முடிந்திருக்கும்.

ஆனால் எனக்குத்தான் காய்ச்சல் ஆயிற்றே. என் மூளை இப்படி வேலை செய்தது: சரக்கு எலக்ட்ரிக்கல் சரக்கு. ஆகவே எஃபெக்டும் எலக்ட்ரிக்காக இருக்க வேண்டும்.

இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு இசையைத் தேடிப் பிடித்தேன். மெதுவாக ஆரம்பித்து, திடீரென்று 'டமார்' என்று இறங்கி, நடுநடுவே 'சடசடசட' என்று ஒயர் தீய்கிற மாதிரி ஒரு ஓசையோடு ஓடுகிற இசை. அதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. இந்த உலகத்தில் ஃபியூஸ் கட்டைக்கென்றே யாரோ உட்கார்ந்து இசையமைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

எல்லாத் தாளத்துக்கும் குறி போட்டேன். பெரிய அடி, சின்ன அடி, அடிக்கு முன்னால் வருகிற எதிரொலி, ஒன்றையும் விடவில்லை. அதன்மேல் வெள்ளை வெளிச்சம் போட்டால் ஒரு சிக்கல். பீங்கானும் வெள்ளை, வெளிச்சமும் வெள்ளை. வெட்டு விழும்போது கட்டையே காணாமல் போனது. நான் அசரவில்லை. வெளிச்சத்தை நீலமாக மாற்றினேன். ஃபியூஸ் கட்டையின் இரண்டு முனையிலும் நீலமாக ஒரு வெட்டு. கூடவே 'சடசட'. கூடவே படம் முழுக்க ஒரு நடுக்கம். இரண்டு வெட்டுக்கு நடுவில் ஒரு இருட்டு. (எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி எதை ஞாபகப்படுத்தும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் தெரியவில்லை.)

முடித்ததும் அம்மாவிடம் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கண்ணு கூசுதுடா. இன்னா, எங்கயாவது ஒயரு தீயுதா?"

தத்ரூபமாக வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

அக்கா கேட்டாள், "எனக்கு ஒரு தடவ காட்டேன்டா."

"மண்டபத்துல பாருக்கா. பெருசா பாத்தாதான் ஃபீல் வரும்."

"ஏதாச்சும் தப்பு இருந்தா?"

"என்மேல நம்பிக்க இல்லியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். 'சரிடா' என்று சொல்லிவிட்டு சாம்பிள்களைத் துடைக்கப் போய்விட்டாள்.

அந்த மதியம் மண்டபத்துக்குக் கடைக்காரர்கள் வந்தார்கள். பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு, வேப்பூர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள்தான் அதிகம். எல்லோருடைய கண்ணும் முன் வரிசையில் இருந்த ஒருவர் மேல்தான். விழுப்புரத்தில் மொத்த வியாபாரம் செய்கிற மெஹருன்னிசா அம்மா. கணவர் இறந்த பிறகு கடையைக் கையில் எடுத்து, முன்பைவிடப் பெரிதாக்கியவர். வெள்ளைத் துப்பட்டா, மூக்குக் கண்ணாடி, அதிகம் பேசாத வாய். அவர் எடுத்தால் மற்ற கடைகளும் எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேஜையில் இருந்த சாம்பிளை எடுத்துப் பார்த்து, விரலால் தடவி, திரும்ப வைத்தார். அக்கா அதை மறுபடியும் துடைத்து நேராக வைத்தாள்.

வெளியே மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற மிக்கேல் அண்ணன் இருந்தார். வந்தவர்களுக்குச் செருப்பு வைக்க இடம் காட்டுவதிலிருந்து குழாய் ஒழுகுவதை அடைப்பது வரைக்கும் அவர்தான். புரொஜெக்டர் படம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலுக்கு எல்லாம் தார்ப்பாய் கட்டச் சொன்னேன். கட்டிக்கொடுத்தார். எதற்காக என்று நான் சொல்லவில்லை. அவரும் சாப்பாட்டுக்கு இலை போடுகிற வேலையில் இருந்ததால் கேட்கவில்லை.

கதவைச் சாத்தினோம். இருட்டு. நான் லேப்டாப்பில் பொத்தானைத் தட்டினேன்.

ஆரம்பம் அழகாக இருந்தது. ஈர மண், கைகள், மெல்லிய இசை. ஒருவர் 'ம்' கொட்டினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் புருவத்தை உயர்த்தி, 'இரு, இனிமேதான் இருக்குது' என்று சைகை காட்டினேன்.

டமார்.

சுவர் அகலத்துக்கு ஒரு ஃபியூஸ் கட்டை. அதன் இரண்டு முனையிலும் நீல வெட்டு. சடசடசட. இருட்டு. மறுபடியும் வெட்டு. மறுபடியும் சடசட.

முதலில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. வேப்பூர்க் கடைக்காரர்தான். வியாபாரத்திலேயே ஊறிய மனிதர். உடம்பு தானாகவே பின்னால் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர், "இன்னாங்க, வெட்டுது?" என்றார். "அது படங்க" என்றார் ஒருவர். "படத்துல ஏன் வெட்டுது?" என்றார் இவர்.

அக்கா பணம் போட்டு, உயிரைக் கொடுத்துச் செய்த சரக்கு, வெளியூர்க் கடைக்காரர்கள் முன்னால் சுவர் அளவுக்கு நின்றுகொண்டு தாளம் தவறாமல் ஷார்ட் சர்க்யூட் ஆகிக்கொண்டிருந்தது. தாளமும் வெட்டும் சேருகிற 'சிங்க்' மட்டும் அபாரம். ஒரு வெட்டுகூட முன்னால் பின்னால் விழவில்லை. (அந்த நிலைமையிலும் அதை நான் கவனித்தேன். காய்ச்சல் அப்படி.)

இந்தச் சமயத்தில் வெளியே இலை போட்டுக்கொண்டிருந்த மிக்கேல் அண்ணன் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். தார்ப்பாய் எட்டாத மேல் ஜன்னல் கண்ணாடியில் நீல நீலமாக வெட்டுகிறது. உள்ளே டமார், சடசட. மூடிய கதவுக்குள் ஆட்கள். அந்த மனிதர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. வராந்தாவில் இருந்த மெயின் போர்டுக்கு ஓடினார். ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதுவும் போதாது என்று மெயினையும் இறக்கினார். சுவரில் தொங்கிய சிவப்பு வாளியை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்தார்.

"யாரும் செவுத்த தொடாதீங்க. பீஸ புடுங்கிட்டேன்" என்றார்.

புரொஜெக்டர் அணைந்தது. ஃபேன் நின்றது. விளக்கு இல்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரும் சார்ஜ் ஏற்றிய ஸ்பீக்கர். மின்சாரமே இல்லாத மண்டபத்தில் டமார் என்றது. சடசட என்றது. மேஜை மேல் நீல வெட்டு தொடர்ந்து விழுந்தது.

மிக்கேல் அண்ணன் திகைத்து நின்றார்.

"புடுங்கியும் வெட்டுதே" என்று மெதுவாகச் சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் லேப்டாப்பை நிறுத்தியிருக்கலாம். ஒரு பொத்தான்தான். அதை விட்டுவிட்டு, 'அண்ணே, அது எஃபெக்டு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மிக்கேல் அண்ணன் மூன்றே எட்டில் வந்து, வெட்டுகிற இடத்தைக் குறி பார்த்து, வாளி மணலைச் சரியாக லேப்டாப்பின் மேல் கவிழ்த்தார்.

கீபோர்டு முழுக்க மணல் மேடு. அதன் மேலே ஸ்கிரீன் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு இன்னும் நீலமாக வெட்டியது. தாளம் தவறவில்லை.

அக்கா எழுந்து வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். லேப்டாப்பின் மூடியைப் பிடித்து, மணலோடு சேர்த்து, நறநறவென்று மூடினாள். பிறகு ஜன்னலுக்குப் போய்த் தார்ப்பாயை ஒரு இழு இழுத்தாள். மண்டபம் முழுக்க வெயில் விழுந்தது.

அந்த வெளிச்சத்தில் எல்லோரும் தெரிந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் வேப்பூர்க்காரர். காலி வாளியோடு மிக்கேல் அண்ணன். முன் வரிசையில், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத மெஹருன்னிசா அம்மா. அவர்தான் முதலில் பேசினார்.

"இன்னாம்மா இது? உங்க சரக்கு எப்படி வெட்டும்னு காட்டுறீங்களா?"

யாரோ சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அக்கா இப்போது என் காதைத் திருகினால் நன்றாக இருக்கும், எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், அக்காமேல் தப்பில்லை என்று புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். அக்கா என் பக்கமே திரும்பவில்லை.

"மன்னிச்சிக்கோங்கம்மா. வீடியோ தப்பா வந்துடுச்சி. மேற்கொண்டு பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, மிக்கேல் அண்ணனிடம் போனாள். "அண்ணே, போர்டுலேருந்து புடுங்கினது எங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஃபியூஸ் கட்டைகளை எடுத்துக் கொடுத்தார்.

"கைல க்ளவுஸு ஏதாச்சும் போட்டிருந்தீங்களா?"

"அதெல்லாம் ஏதும்மா? மெயின எறக்குறதுக்கு முன்னாடியே வெறுங் கையாலதான் புடுங்கினேன்."

"ஷாக்கு அடிச்சிதா?"

மிக்கேல் அண்ணன் அக்காவை ஒரு மாதிரி பார்த்தார். "அடிச்சிருந்தா நான் ஏம்மா மணலு தூக்கிக்கினு வர்றேன்? அடக்கம் பண்ண சாமியாரு இல்ல வந்திருப்பாரு எனக்கு."

மண்டபம் சிரித்தது. இது வேறு சிரிப்பு. அக்கா அதில் ஒரு கட்டையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"பயத்துல ஓடியாந்து, தடதடன்னு புடுங்கியிருக்காரு. வெறுங் கை. அவரு கையி நல்லா இருக்குது. இதுக்குத்தாங்க பீங்கான்."

மெஹருன்னிசா அம்மா கையை நீட்டினார். அக்கா கொடுத்தாள். அவர் அதைக் கண்ணாடிக்கு அருகில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்குதே. இது உங்க சரக்காம்மா?"

நான் அக்காவுக்கு நேர் எதிரே, மெஹருன்னிசா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். தலையைப் பலமாக ஆட்டினேன். ஆமான்னு சொல்லுக்கா, ஆமான்னு சொல்லு. கட்டையின் அடியில் அழுக்கு மூடியிருந்தது. ஒருவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நான் செய்த அத்தனை நாசமும் அந்த ஒரு 'ஆமாம்'இல் சரியாகிவிடும்.

அக்கா கட்டையைத் திரும்ப வாங்கினாள். புடவை முந்தானையால் அடிப்பக்கத்தைத் துடைத்தாள். முத்திரை தெரிந்தது.

"இல்லங்கம்மா. இது தாமோதரன் அண்ணன் யூனிட்டு. எங்க ஷெட்டுக்கு எதிர்லதான் இருக்காங்க. நல்லா செய்வாங்க."

என் தலை ஆட்டியபடியே பாதியில் நின்றது.

"எங்களது மேஜையில இருக்குது" என்றாள் அக்கா. "மெயினு எறங்கித்தானே இருக்குது. போர்டுல மாட்டிப் பாக்கலாம், வாங்க. பக்கத்துல நின்னு பாருங்க."

எல்லோரும் வராந்தாவுக்குப் போனோம். மெயின் இறங்கியிருக்கிறதா என்று அக்கா இரண்டு தரம் பார்த்தாள். மேஜையிலிருந்து கடைக்காரர்களையே ஆளுக்கொன்று எடுத்து வரச் சொல்லியிருந்தாள், தானே பொறுக்கிக் கொடுத்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? ஒவ்வொன்றிலும் ஃபியூஸ் கம்பியைச் சுற்றித் திருகினாள். அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்து, கம்பி கட்டுவதையே தொழிலாக வைத்திருந்த சேத்தியாத்தோப்புக்காரர் 'அட' என்றார். கட்டையைப் போர்டில் அதற்கான குழியில் வைத்து அழுத்தினாள். இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. மெஹருன்னிசா அம்மாவே அதைப் பிடுங்கி, மறுபடி மாட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"போடுங்கண்ணே."

மிக்கேல் அண்ணன் மெயினை ஏற்றினார். மண்டபத்துக்குள் ஃபேன் சுழல ஆரம்பித்தது. விளக்குகள் எரிந்தன. புரொஜெக்டரும் உயிர் பெற்று சுவரில் நீலமாக வெளிச்சம் அடித்தது. வேப்பூர்க்காரர் மறுபடியும் ஒரு அடி பின்னால் போனார்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மெஹருன்னிசா அம்மா அக்காவிடம் வந்தார்.

"அடுத்தவன் சரக்க உன்னுதுன்னு சொல்ல ஒரு சான்சு வந்துது. நீ சொல்லல. அப்ப உன் சரக்குல விரிசல் இருந்தாலும் மறைக்க மாட்ட. மொத லோடு அனுப்பும்மா. நல்லா இருந்தா தொடர்ந்து எடுக்குறேன். அந்தப் படத்த மட்டும் யாருக்கும் அனுப்பாத."

அக்கா கை கூப்பினாள். நான் தூணுக்குப் பின்னால் லேப்டாப்பைக் கவிழ்த்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். மிக்கேல் அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, "தண்ணி ஊத்தியிருந்தா மெஷினு போயிருக்கும் தம்பி. கரண்டு நெருப்புக்கு மணலுதான் போடணும்" என்று ஆறுதல் சொன்னார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்த இரண்டு பேரில் அவர் ஒருவர். இன்னொருவர் என் அக்கா. நான் அவருக்கு நன்றி சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வண்டியில் திரும்பும்போது அக்கா பின்னால் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். அழுகிறாள் என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினேன்.

"புடுங்கியும் வெட்டுதே" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"திட்டுக்கா. நல்லா திட்டிடு" என்றேன்.

"எதுக்குடா? கை வேல செய்யிறவன் மொதல்ல ஒடைக்காம எதச் செஞ்சான்? நான் மொத தடவ சூளை போட்டப்ப பாதி வெடிச்சிது. அதுக்காக என்னை யாராச்சும் வூட்டுக்கு அனுப்பினாங்களா? வேற ஒண்ணு பண்ணு. இந்தத் தடவ நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்."

வேறு ஒன்று பண்ணினேன். மண், கைகள், மெருகு, சூளை. அடியில் மெல்லிய இசை. வெட்டு எதுவும் இல்லை. கடைசியில் ஒரு கை ஃபியூஸ் கட்டையைப் போர்டில் அழுத்துகிறது. இசையில் ஒரே ஒரு அடி விழுகிறது. அந்த அடிக்குச் சரியாக ஒரு வீட்டு வாசலில் குண்டு பல்பு எரிகிறது. படம் முழுக்க அந்த ஒரு வெளிச்சம்தான். அதற்கு முன்னால் நான் போட்ட ஆயிரம் வெளிச்சத்தையும்விட அது நெஞ்சில் பலமாகத் தட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, 'இன்னொரு தடவ போடு' என்று சொல்லிச் சொல்லித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்த வீடியோவைக் காட்டித்தான் எனக்குச் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் எடிட்டர் வேலை கிடைத்தது.

இதற்கிடையே நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்திருந்தது. அக்காவின் கட்டைக்கு அப்போது பேர் எதுவும் கிடையாது, வெறும் நம்பர்தான். அன்றைக்கு மண்டபத்துக்கு வந்தவர்கள் நம்பரையா ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? போன் செய்து, "ஏம்மா, அந்த மின்னல் சரக்கு இன்னொரு பொட்டி போடு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அக்கா, கடைசியில் அட்டைப்பெட்டியிலேயே 'மின்னல்' என்று அச்சடித்துவிட்டாள்.

போன மாதம் நான் குடியிருக்கிற பழைய வீட்டில் ஃபியூஸ் கட்டை உடைந்துவிட்டது. தெருமுனைக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்த பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நல்லா இருக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"விருத்தாசலம் சரக்கு சார். கண்ண மூடிக்கினு வாங்கலாம். வெட்டவே வெட்டாது."

"வெட்டாதுன்னா அப்புறம் ஏன் மின்னல்னு பேரு?"

அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "யாரோ வெளம்பரம் தெரிஞ்ச ஆளு வெச்சிருப்பான் சார். பேரு மனசுல நிக்குது பாருங்க."

கடையை விட்டு இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டு, கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் அதைச் சத்தமாக வீட்டில் எல்லோருக்கும் சொல்ல, அந்தப் பக்கம் அம்மா உட்பட ஒரு கூட்டமே சிரித்தது.

சிரித்து முடித்துவிட்டு அக்கா கேட்டாள், "நீயேவா மாட்டப்போற?"

"ஆமாக்கா."

"மெயின ஆஃப் பண்ணிட்டு மாட்டு."

"தெரியும்க்கா."

"லேப்டாப்பயும் மூடிடு."